கட்டுத்துவக்கும் அணுகுண்டும்: விவாதப்போட்டிக்கு உங்கள் கருத்து வேண்டும்

ஒட்டுசுட்டான் வாத்தியார் | செவ்வாய், இரவு 8.10

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் உயர்தரப் பிள்ளைகளுக்கு அடுத்த கிழமை விவாதப்போட்டி. அணுவாயுதத்தை ஏவும் முடிவை இயந்திரத்திடம் விடலாமா, கூடாதா என்பது தலைப்பு. நான்தான் கொடுத்தேன். செயற்கை நுண்ணறிவு பற்றிப் பிள்ளைகள் ஓயாமல் கதைக்கிறார்கள். சரி, அதிலுள்ள மிகப் பாரமான கேள்வியையே எடுத்துக் கதைக்கட்டும் என்று நினைத்தேன்.

வகுப்பில் 1983ஆம் ஆண்டுச் சம்பவத்தைச் சொன்னேன். செப்டெம்பர் 26, நள்ளிரவு தாண்டிய நேரம். மொஸ்கோவுக்குத் தெற்கே செர்புகோவ்-15 என்ற நிலக்கீழ் நிலையத்தில் ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் என்ற 44 வயது லெப்டினன்ட் கேணல் கடமையில் இருக்கிறார். திடீரென்று சைரன் அலறுகிறது. அமெரிக்காவிலிருந்து ஓர் ஏவுகணை புறப்பட்டுவிட்டது என்கிறது செய்மதி. கொஞ்ச நேரத்தில் இன்னும் நான்கு என்கிறது. மூன்று கிழமைக்கு முன்னர்தான் சோவியத் போர் விமானம் கொரியப் பயணிகள் விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தி 269 பேர் இறந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. திரை சொன்னதை அப்படியே மேலிடத்துக்குச் சொல்வதுதான் அவருடைய வேலை. அவர் தொலைபேசியை எடுத்து, இது பிழையான எச்சரிக்கை என்று அறிவித்தார். போரைத் தொடங்குகிறவன் ஐந்தே ஐந்து ஏவுகணையோடு தொடங்கமாட்டான் என்பது அவருடைய கணக்கு. தரை ராடரிலும் ஒன்றும் தெரியவில்லை. உயரத்து முகில்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியை ஏவுகணையின் சுவாலை என்று செய்மதி எடுத்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

சொல்லி முடித்தபோது பின்வாங்கில் இருந்த பிள்ளை ஒன்று கேட்டது: "சேர், அப்ப ஆள் இல்லாட்டி அது கட்டுத்துவக்கு மாதிரித்தானே?"

வெளிநாட்டில் பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். காட்டுப் பன்றி வரும் தடத்துக்குக் குறுக்கே கம்பி இழுத்து, துவக்கை மரத்தோடு பிணைத்துவிட்டு வருவார்கள். கட்டியவன் வீட்டில் நித்திரை. கம்பியில் பட்டது பன்றியின் காலா, விறகுக்குப் போனவரின் காலா என்று துவக்குக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையின் மாமா ஒரு காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார். அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

இதை எப்படி வாதமாக்குவது? இரண்டு பக்கத்துக்கும் நியாயம் வேண்டும்.

---

நெடுங்கேணியான் | செவ்வாய், இரவு 8.52

மாஸ்டர், கோபிக்கவேண்டாம். எனக்கு இந்தத் தலைப்பில் ஒரு முள் குத்துகிறது. மனிதன் முடிவெடுத்தால் நல்லது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள். 2009இல் மாத்தளனில் பங்கருக்குள் இருந்தவன் நான். எங்கள் மேல் விழுந்த ஒவ்வொரு ஷெல்லையும் யாரோ ஒரு மனிதன்தான் குழாய்க்குள் போட்டான். யாரோ ஒரு மனிதன்தான் எங்கே அடி என்று சொன்னான். இயந்திரம் ஒன்றும் தானாக முடிவெடுக்கவில்லை. ஹிரோஷிமாவுக்கும் நாகசாக்கிக்கும் மனிதர்தான் உத்தரவு கொடுத்தார்கள். பெத்ரோவ் மாதிரி ஒருவர் இருந்தார் என்பதற்காக மனிதரை நம்பு என்றால், என் வாயில் அது வராது.

---

அறிவியல்நகர் மாணவன் | செவ்வாய், இரவு 9.30

நான் இங்கே பொறியியல் பீடத்தில் கணினிப் பொறியியல் படிக்கிறேன். நெடுங்கேணி ஐயா சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன், இயந்திரத்திடம் விடலாம் என்னும் எதிரணிக்கு உதவும்.

1988 ஜூலை 3, பாரசீக வளைகுடா. அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ் ஈரானின் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. 290 பேர் இறந்தார்கள். அந்தக் கப்பலில் ஏஜிஸ் என்ற அந்நாளைய மிக நவீனக் கணினி முறை இருந்தது. விமானம் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்று கணினி சரியாகத்தான் பதிவு செய்திருக்கிறது. அறைக்குள் இருந்த மனிதர்கள்தான், பதற்றத்தில், அது இறங்கி வருகிறது என்றார்கள். கப்பல் அந்த நேரம் ஈரானியப் படகுகளோடு சண்டையில் இருந்தது. போர் விமானம் வரும் என்று எதிர்பார்த்த கண்ணுக்குப் போர் விமானமே தெரிந்தது.

ஆகவே "மனிதன் இருந்தால் போதும்" என்ற வாதம் நிற்காது. அதைத் தாண்டி ஏதாவது சொல்லவேண்டும்.

---

பனங்கூடல் | புதன், காலை 5.40

வேலைக்குப் போகமுன் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஒன்பது வருசம் மிதிவெடி அகற்றியவள். முகமாலை, பிறகு முல்லைத்தீவுப் பக்கம். இப்போது வேறு வேலை.

அந்தப் பிள்ளை கேட்டது சரி. மிதிவெடியும் கட்டுத்துவக்குத்தான். புதைத்தவன் போய்விடுவான், சிலவேளை செத்தும்விடுவான். அவன் எடுத்த முடிவு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். சண்டை முடிந்து எத்தனையோ வருசத்துக்குப் பிறகு மாடு தேடிப் போகிறவரின் காலில் அது நிறைவேறும். சண்டை முடிந்துவிட்டது என்று அதற்குப் போய்ச் சொல்ல ஒரு வழியும் இல்லை. 2017இல் இலங்கை, மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தபோது நாங்கள் வெடி தேடும் ஒழுங்கைக்குள்தான் முழங்காலில் இருந்தோம்.

நெடுங்கேணி அண்ணைக்கு ஒன்று. நானும் அந்தக் கரையால் வந்தவள்தான். மனிதன் நல்லவன் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தம்பி கேட்ட "அதைத் தாண்டி என்ன" என்பதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அதை நான் படித்த இடம் மண்.

டிடெக்டர் கத்தும். மிதிவெடிக்கும் கத்தும், ஆணிக்கும் கத்தும், ஷெல் துண்டுக்கும் கத்தும், பிஸ்கட் பெட்டியின் தகரத்துக்கும் கத்தும். எங்கள் மண்ணில் தகரம் இல்லாத இடம் எங்கே? பி4 என்ற மிதிவெடியில் இருக்கிற உலோகம் மிகக் கொஞ்சம், அதனால் கருவியின் உணர்வைக் குறைக்கவும் முடியாது. கத்திய ஒவ்வொரு இடத்திலும் அடையாளம் வைத்து, கொஞ்சம் தள்ளிப் பள்ளம் எடுத்து, பக்கவாட்டால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டிப் போகவேண்டும். மேலிருந்து குத்தக்கூடாது. முகமூடிக்குள் வியர்வை கண்ணில் இறங்கும், துடைக்க முடியாது. கடைசியில் ஒரு துருப்பிடித்த ஆணி. அடுத்தது, இன்னொரு ஆணி. ஒரு நாளைக்கு இருபது, முப்பது. மூன்றாம் நாள் கை தானாகவே "இது ஆணிதான்" என்று சொல்லத் தொடங்கும். அந்த எண்ணம்தான் கையைக் கொண்டுபோவது.

ஆட்களின் பெயர், நிறுவனத்தின் பெயர் சொல்லமாட்டேன். எனக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தார், சதுர மீற்றர்க் கணக்குத்தான் அவருக்கு எல்லாம். ஒருநாள் சத்தத்தில் ஏதோ வித்தியாசம் தெரிந்தது, வேலையை நிற்பாட்டிக் கையை உயர்த்தினேன். முக்கால் மணித்தியாலம் போனது. வந்தது ஆணி. எல்லோர் முன்னாலும் ஏசினார். அதற்குப் பிறகு அந்த அணியில் யாருமே கை உயர்த்தவில்லை, நானும்தான். வேறு அணிக்குப் போன பிறகு அங்கேயும் அதேமாதிரி நிற்பாட்டினேன், அங்கேயும் ஆணிதான். அந்த மேற்பார்வையாளர் ஆணியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி, அடுத்ததற்குப் போங்கோ பிள்ளை" என்றார். அவ்வளவுதான். அவருடைய அணியில் இருந்த காலம் முழுக்க நான் பயமில்லாமல் நிற்பாட்டினேன்.

இரண்டு இடத்திலும் மனிதர்தான் இருந்தார்கள், கருவியும் ஒன்றுதான். ஓர் இடத்தில் நிற்பாட்ட நேரமும் உரிமையும் இருந்தன, மற்ற இடத்தில் இரண்டும் இல்லை. நான் சொல்ல வந்தது இதுதான். பஸ் வந்துவிட்டது.

---

வட நோர்வேயிலிருந்து | புதன், பிற்பகல் 1.15

அக்கா எழுதியதை மூன்று முறை வாசித்தேன். கிளிநொச்சியில் பிறந்து மீன் பதனிடும் வேலைக்காக இந்தப் பக்கம் வந்தவன் நான். இங்கே அண்டோயா என்று ஒரு தீவு இருக்கிறது. 1995 ஜனவரி 25 அன்று அங்கிருந்து ஓர் ஆராய்ச்சி ரொக்கெட் விட்டார்கள். வானில் தெரியும் வடதுருவ ஒளியைப் படிப்பதற்காக விட்டது. ரஷ்ய ராடருக்கு அது நீர்மூழ்கியிலிருந்து கிளம்பிய ஏவுகணை போலத் தெரிந்துவிட்டது. ஜனாதிபதி யெல்ட்சின் முன்னால் அணுவாயுதப் பெட்டியைத் திறந்து வைக்கும் அளவுக்குப் போனது. ரொக்கெட் தங்கள் பக்கம் வரவில்லை என்பது தெளிவானதும் மூடினார்கள்.

என்னை உறுத்துவது வேறு. ரொக்கெட் விடப்போகிறோம் என்று நோர்வே முன்கூட்டியே ரஷ்யாவுக்கு அறிவித்திருந்தது. அந்த அறிவித்தல் ராடருக்கு முன்னால் இருந்த ஆட்களுக்குப் போய்ச் சேரவில்லை. கச்சேரிக்குக் கொடுத்த கடிதம் கிராம அலுவலரிடம் வந்து சேராத கதைதான், ஆனால் உலகமே அதில் தொங்கியது.

---

குளக்கட்டு | புதன், மாலை 6.05

நான் நீர்ப்பாசனத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு சிறு விசயம். மாரி இரவில் குளத்து நீர்மட்டம் பற்றிப் போனில் ஓர் எண் வரும். அந்த எண்ணை மட்டும் வைத்து வான்கதவு திறப்பதில்லை. டோர்ச்சோடு ஒருவர் குளக்கட்டில் நடந்து போய் அளவுகோலைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும். மேலே ஆற்றுப் பக்கம் இருப்பவரிடம் எவ்வளவு மழை என்று கேட்கவேண்டும். கீழே வயலில் ஆட்கள் படுத்திருப்பார்கள்.

பெத்ரோவுக்குத் தரை ராடர் அப்படித்தான், இரண்டாவது கண். செய்மதி சொன்னதைச் செய்மதியிடமே திருப்பிக் கேட்டால் அது அதையேதான் சொல்லும்.

---

ஒட்டுசுட்டான் வாத்தியார் | புதன், இரவு 9.20

குளக்கட்டு ஐயா, இரண்டாவது கண் என்று நீங்கள் சொன்னதும் எனக்கு 1960 ஒக்டோபர் 5 ஞாபகம் வந்தது. கிரீன்லாந்தில் தூலே என்ற இடத்தில் அமெரிக்கா புதிதாக வைத்த பெரிய ராடர், சோவியத் தாக்குதல் வருகிறது என்று கிட்டத்தட்ட முழு நிச்சயத்தோடு சொன்னது. கட்டளை நிலையத்தில் இருந்த கனடிய அதிகாரி ஒருவர், சோவியத் தலைவர் குருஷேவ் இப்போது எங்கே என்று கேட்டார். நியூயோர்க்கில், ஐ.நா. கூட்டத்தில் என்று பதில் வந்தது. தன் தலைவர் அங்கே இருக்கும்போது அந்த நகரத்தின் மேல் யாராவது குண்டு போடுவார்களா? பிறகு பார்த்தால், நோர்வேப் பக்கமாக எழுந்துகொண்டிருந்த நிலவில் பட்டுத் திரும்பிய அலையைத்தான் ராடர் பிடித்திருக்கிறது.

குருஷேவ் எங்கே என்ற கேள்வி அந்த ராடருக்குள் இல்லை, அதைக் கட்டியவர்கள் அப்படியொரு கேள்வியை நினைத்தும் பார்த்திருக்கமாட்டார்கள். அந்த அறையில் முதல்நாள் பத்திரிகை வாசித்த ஒருவர் இருந்ததால்தான் அது வந்தது.

1979 நவம்பரிலும் 1980 ஜூனிலும் இதேபோல. முதலாவதில், பயிற்சிக்காக வைத்திருந்த தாக்குதல் காட்சி உண்மைத் திரைகளுக்குப் போய்விட்டது. இரண்டாவதில், 46 சதம் விலையுள்ள ஒரு சிறு சிப் பழுதாகி, ஏவுகணை எண்ணிக்கை வரவேண்டிய இடத்தில் கண்டபடி இலக்கங்கள் வந்தன. இரண்டு தடவையும் மற்றக் கருவிகளைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று ஆட்கள் தீர்மானித்தார்கள்.

---

நெடுங்கேணியான் | புதன், இரவு 10.02

பனங்கூடல் தங்கச்சி, நீங்கள் எழுதிய பிறகு நான் முதலில் எழுதியதை அப்படியே வைத்திருக்க முடியவில்லை. ஷெல் போட்டவனுக்கும் "நிற்பாட்டு" என்று சொல்ல ஓர் இடம் இருந்திருந்தால் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். இருந்திருக்காது என்றும் நினைக்கிறேன். ஆனால் அவனிடம் ஒருநாள் யாராவது "ஏன் போட்டாய்" என்று கேட்கலாம். நாங்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். இயந்திரம் போட்டிருந்தால் யாரிடம் போய்க் கேட்பது? கம்பியிடமா? கட்டுத்துவக்குக் கட்டியவனே பொலிஸில் "நான் பன்றிக்குத்தான் கட்டினேன்" என்று சொல்லித் தப்பப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன்.

சரி, அதை விடுவோம். இது எங்களுக்கு எவ்வளவு தூரம்? பெரிய நாடுகளின் பிரச்சினையை எங்கள் பிள்ளைகள் ஏன் தலையில் சுமக்கவேண்டும்?

---

ஒட்டுசுட்டான் வாத்தியார் | புதன், இரவு 10.40

தூரமில்லை அண்ணை. 2022 மார்ச் 9 அன்று இந்தியாவின் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி, பாக்கிஸ்தானுக்குள் மியான் சன்னு என்ற ஊருக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. வெடிமருந்து இல்லாததால் ஒருவரும் சாகவில்லை. மூன்று விமானப்படை அதிகாரிகளைப் பிறகு பதவி நீக்கினார்கள். இரண்டு நாட்டிடமும் அணுவாயுதம் இருக்கிறது, ஆளுக்கு ஏறக்குறைய 170, 180. அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே ஏவுகணை பறக்க அரை மணித்தியாலம் என்றால், இங்கே சில நிமிடங்கள்தான். அன்று மறுபக்கத்தில், திரையில் ஒரு புள்ளி வந்ததும் தானாகத் திருப்பி அடிக்கும் ஒரு முறை இருந்திருந்தால்?

அங்கே ஒரு போர் நடந்தால் புகை மேலே ஏறிச் சூரியனை மறைத்து விளைச்சலைப் பிடித்துவிடும் என்று விஞ்ஞானிகள் கணித்திருக்கிறார்கள். 2022இல் வந்த ஓர் ஆய்வு, இந்திய–பாக்கிஸ்தான் அணுவாயுதப் போரின் பஞ்சத்தில் மட்டும் 200 கோடிக்கு மேல் மக்கள் சாகலாம் என்றது. மழை ஒரு மாதம் பிந்தினாலே எங்கள் காலபோகம் என்ன பாடு படுகிறது?

எங்கள் நாட்டவருக்கும் இதில் சொல்ல இருந்திருக்கிறது. 1996இல் சர்வதேச நீதிமன்றம் அணுவாயுதம் பற்றி ஆலோசனைக் கருத்துச் சொன்னபோது, எந்தச் சூழ்நிலையிலும் அது சட்டவிரோதம் என்று நீண்ட மாற்றுத் தீர்ப்பு எழுதியவர் நம் நாட்டு நீதியரசர் வீரமந்திரி. அணுவாயுதத் தடை உடன்படிக்கையில் 2023 செப்டெம்பரில் இலங்கையும் சேர்ந்துவிட்டது.

---

அறிவியல்நகர் மாணவன் | வியாழன், அதிகாலை 12.25

நித்திரை வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தலைமை அழிந்தாலும் திருப்பி அணுவாயுதம் ஏவுவதற்கான சோவியத்தின் "பெரிமீற்றர்" முறையை முழுத் தானியங்கி என்று பலரும் சொல்வார்கள். எதிரணி அதை எடுத்தால் இப்படித் திருத்துங்கள்: 1985இல் அது வேலைக்கு வந்தபோதும், மேலிடத்தோடு தொடர்பு அறுந்து, வெடிப்பின் அடையாளங்கள் தெரிந்தாலும், கடைசிக் கட்டத்தில் பங்கருக்குள் சில அதிகாரிகளை வைத்திருந்தார்கள். அந்த முறையைக் கட்டியவர்களுக்கே முழுக்கத் தானாக விட மனம் வரவில்லை.

2024 நவம்பர் 16 அன்று லீமாவில் பைடனும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தபோது, அணுவாயுதத்தைப் பயன்படுத்தும் முடிவில் மனிதக் கட்டுப்பாடு இருக்கவேண்டும் என்று இருவரும் உறுதிப்படுத்தினார்கள். நல்லது. ஆனால் பனங்கூடல் அக்கா எழுதியதற்குப் பிறகு, அந்த வசனம் எனக்குப் போதவில்லை.

நான் படிக்கிற துறையில் பயம் பொத்தானில் இல்லை. பொத்தானை மனிதன்தான் அழுத்துவான், அது இருக்கட்டும். அவன் பார்க்கிற திரையை யார் எழுதுகிறார்கள்? நூறு ராடர், செய்மதிகளின் தரவை ஒரு மென்பொருள் வடிகட்டி, "தாக்குதல், நிச்சயம் இவ்வளவு வீதம், பரிந்துரை இது, மிச்சம் ஆறு நிமிடம்" என்று ஒரு பக்கத்தில் கொடுத்தால், அவன் எதை மறுப்பது? பெத்ரோவ் தரை ராடரையும் கேட்டார். அந்த ராடரின் மௌனத்தையும் மென்பொருளே விழுங்கி ஓர் இலக்கமாகத் தந்திருந்தால் அவருக்கு அது தெரிந்திருக்காது. இப்படிப்பட்ட மென்பொருள் பழைய உதாரணங்களைப் பார்த்துத்தான் கற்கும். அணுவாயுதப் போருக்கு உண்மையான உதாரணம் ஒன்றுகூட இல்லை. அது கற்பது நாங்கள் கற்பனை செய்து கொடுத்ததைத்தான்.

2003 ஈராக் போரில் அமெரிக்காவின் பேட்ரியட் என்ற வான்பாதுகாப்பு ஏவுகணை முறை, வீடு திரும்பிக்கொண்டிருந்த பிரித்தானிய டொர்னாடோ விமானத்தை எதிரி ஏவுகணை என்று அடையாளம் காட்டியது. கருவிக்கு முன்னால் ஆட்கள் இருந்தார்கள். இயந்திரம் சொன்னதைச் சோதிக்க அவர்களுக்கு ஒரு நிமிடமும் இருக்கவில்லை, சுட்டார்கள், இரண்டு பேர் இறந்தார்கள். சில நாட்களில் இன்னொரு பேட்ரியட் ஓர் அமெரிக்க விமானியையும் கொன்றது. தாளில் பார்த்தால் அங்கேயும் "மனிதக் கட்டுப்பாடு" இருந்தது.

நான் எதிரணிக்கு எழுதிக் கொடுத்த வின்சென்ஸ் கதையையும் இப்போது வேறுமாதிரிப் பார்க்கிறேன். விமானம் புறப்பட்டு ஏழு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சேர், என்னை இயந்திரத்திடம் விடக்கூடாது என்ற அணிப் பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.

---

வட நோர்வேயிலிருந்து | வியாழன், காலை 11.10

பெத்ரோவுக்குப் பிறகு என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை. விசாரணையில், அந்த இரவு பதிவேட்டை ஒழுங்காக எழுதவில்லை என்று அவரைக் கண்டித்தார்கள். ஒரு கையில் தொலைபேசியும் மறுகையில் இன்னொரு பேச்சுக் கருவியும் இருந்தபோது எந்தக் கையால் எழுதுவது? அப்போது பரிசும் இல்லை. பின்னாளில் கேட்டபோது, தான் நிச்சயமாக நம்பவில்லை என்றும், ஐம்பதுக்கு ஐம்பதுதான் என்றும் சொன்னார். 2017இல் காலமானார்.

அக்காவை ஏசிய அந்த மேற்பார்வையாளர்தான் எனக்கு ஞாபகம் வந்தார்.

---

பனங்கூடல் | வியாழன், இரவு 7.30

தம்பி, பதிவேட்டுக் கதை எனக்குத் தெரியாது. வாசித்துவிட்டு அடுப்படியில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். அடுத்த இரவு கடமைக்கு வந்தவர் அந்தக் கண்டிப்பைக் கேள்விப்பட்டிருப்பார். அவருடைய திரையில் ஐந்து புள்ளி வந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்றுதான் யோசிக்கிறேன்.

வாத்தியார், போட்டிக்கு முன்னம் ஒருநாள் பள்ளிக்கூடம் வரட்டுமா? திங்கட்கிழமை எனக்கு லீவு. டிடெக்டர் கொண்டுவர முடியாது, அது எங்களிடம் இல்லை. ஒரு அகலமான தாச்சியில் மணல், ஒரு பெட்டி ஆணி, ஒரு சின்ன மண்வெட்டி, ஒரு மணிக்கூடு போதும். ஆணிகளோடு ஒரு முட்டையையும் புதைப்போம். பிள்ளைகள் ஒவ்வொருவராக உடைக்காமல் எடுக்கட்டும். பாதிப் பேருக்குப் பக்கத்தில் நின்று "கெதியா, கெதியா" என்று நான் கத்துகிறேன். மற்றப் பாதிப் பேருக்குக் கை உயர்த்தினால் மணிக்கூட்டை நிற்பாட்டிவிடுவேன் என்று சொல்கிறேன். எத்தனை முட்டை மிஞ்சுகிறது என்று அவர்களே எண்ணட்டும்.

கட்டுத்துவக்குக் கேள்வி கேட்ட பிள்ளையை முதல் ஆளாக விடுங்கோ.

---

ஒட்டுசுட்டான் வாத்தியார் | வியாழன், இரவு 7.48

வாருங்கள் அக்கா. மணலும் ஆணியும் நான் எடுத்து வைக்கிறேன். முட்டைக்கு நெடுங்கேணி அண்ணையிடம் கேட்கிறேன், வீட்டில் கோழி நிற்கிறது என்று முன்பொருமுறை எழுதியிருந்தார்.

---

நெடுங்கேணியான் | வியாழன், இரவு 8.15

முப்பது போதுமா? ஞாயிறு பின்னேரமே கொண்டுவந்து தருகிறேன். திங்கள் நானும் வந்து பின்வாங்கில் இருக்கிறேன்.